டேங்க் லாரி எங்கே போகுது?

தலைப்பைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கிட்டுப் போயிடாதீங்க. இதைப் பேச வெட்கப்படுறதுதான் பிரச்சினையே என்பது என் கருத்து.

இன்று நம்ம பக்கம் நிறைய வீடுகளில் கழிப்பறை இருக்கு. நல்ல விஷயம். ஆனால் நம்மைப் போன்ற சின்ன ஊர்களில் பெரும்பாலும் செப்டிக் டேங்க்தான். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதை எடுக்கணும். லாரி வரும், குழாயைப் போட்டு உறிஞ்சும், பணத்தை வாங்கிட்டுப் போயிடும். எங்கே கொட்டுதுன்னு யாராவது கேட்டிருக்கோமா? பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டு போயிடுமா?

ஏரிக்கரையிலோ ஆற்றோரத்திலோ கொட்டினால் என்ன ஆகும்? அந்தக் கசடில் காலரா, மஞ்சள் காமாலைக் கிருமிகள் இருக்கலாம். குடற்புழு முட்டையும் இருக்கும். அது மண்ணில் மாதக்கணக்கில் சாகாது. பள்ளியில் நமக்குப் பூச்சி மாத்திரை தர்றது அந்தப் புழுவுக்குத்தான்! ஜவ்வாது மலையில் பிறந்து வர்ற நாகநதியில் நிலத்தடி நீர் ஊறணும்னு, வேலூர் மாவட்டத்தில் பெண்கள் நூறு நாள் வேலையில் உறைகிணறு இறக்கினாங்க. ஒரு பக்கம் அம்மாமார்கள் வெயிலில் நின்று தண்ணீர் சேர்க்க, இன்னொரு பக்கம் கழிவைக் கொட்டினால் நியாயமா?

இதற்கு வழி இருக்கு. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழி பேரூராட்சியில் 2017-ல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கினாங்க. பக்கத்து ஊரான மதுராந்தகத்துக்கும் அதுதான். ஊருக்கு ஒன்று கட்ட வேண்டியதில்லை, பல ஊருக்குப் பொதுவாக ஒன்று போதும். இப்படிப்பட்ட நிலையங்களில் மணலும் ஜல்லியும் பரப்பிய படுக்கையில் கசடை ஊற்றுவாங்க. தண்ணீர் கீழே வடிந்து சுத்திகரிப்புக்குப் போகும். மேலே தங்குவது வெயிலில் காயும். அதைப் பக்குவப்படுத்தினால் உரம். சென்னை கொடுங்கையூரில் சுத்திகரித்த கழிவுநீர் மணலி தொழிற்சாலைகளுக்குப் போகுது. அங்கே கசடிலிருந்து வரும் வாயுவில் மின்சாரமும் எடுக்கிறாங்க. நாம கழிவுன்னு சொல்றது அங்கே உரம், தண்ணீர், கரண்ட்!

"நம்ம ஊர்ப் பக்கம் நிலையம் வேண்டாம், நாறும்" என்பாங்க சிலர். ஏரியில் கொட்டினால் மட்டும் மணக்குமா?

லாரிக்காரரை மட்டும் திட்டுறதும் சரியில்லை. நிலையம் தூரமாக இருந்தால் டீசல் செலவு அவர் தலையில். குறைந்த கூலி பேசி, கேள்வியே கேட்காமல் அனுப்புறது நாமதானே? அதனால் நான் சொல்றது இதுதான். டீசலுக்கும் சேர்த்து நியாயமான கூலி கொடுப்போம். நிலையத்தில் இறக்கினதுக்குச் சீட்டு கேட்போம். சீட்டு காட்டினால்தான் முழுப் பணம். டேங்க்குக்குள் ஆளை இறக்கக் கூடாது, 2013 சட்டம் அதைத் தடை செய்திருக்கு.

கிராம சபை, வார்டு கூட்டங்களில் பெரியவங்க இதைக் கேட்கணும். வீட்டில் அவங்களைக் கேட்க வைக்கிறது நம்ம வேலை. கேட்போமா தோழிகளே?

— 9-ஆம் வகுப்பு மாணவி