இருபத்தோரு நாள்

2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்கு டி.வி.யில் பிரதமர் வந்து, இருபத்தோரு நாள் எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்றார். இருபத்தோரு நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டே ஆகவேண்டிய பிள்ளைகள் நம் சேரிகளில் இருக்கிறார்கள். அன்றைக்கு அவர்களை யார் நினைத்தது?

வாதக் காய்ச்சல் என்பார்கள். அஞ்சு வயசுக்கும் பதினஞ்சு வயசுக்கும் இடையில் தொண்டையில் ஒரு கிருமி தாக்கும். சில வாரம் கழித்து மூட்டு மூட்டாக வீங்கும். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு தன் இருதயத்தையே பதம் பார்த்துவிடும். வால்வு சுருங்கிப்போகும், இல்லாவிட்டால் சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் ஒழுகும். திரும்பத் திரும்ப வராமல் தடுக்கத்தான் அந்த ஊசி, வருஷக் கணக்கில். ஒரே அறையில் எட்டு பேர் படுத்து ஒருத்தர் மூச்சை ஒருத்தர் வாங்குகிற வீடுகளில்தான் இந்தக் கிருமி பரவும். பணக்கார நாடுகளில் பெனிசிலின் வருவதற்கு முன்பே இது குறையத் தொடங்கிவிட்டது. வீடு பெரிசானதும் ஒரு காரணம். இங்கே ஊருக்கு வெளியே மூணு சென்ட்டில் நம்மை நெருக்கி வைத்தவர்களுக்கு இந்த நோயில் பங்கில்லையா?

இருதய நோயாளிகளைக் கொரோனா கடுமையாகத் தாக்கும், தனி அறையில் இருங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள், நெஞ்சு வலித்தால் தாமதிக்காமல் வாருங்கள் என்றார்கள் டாக்டர்கள். சொன்னதில் தப்பே கிடையாது. தனி அறைக்கு எங்கே போவது, எந்த பஸ்ஸில் வருவது என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. (சமூக இடைவெளி என்ற வார்த்தையைப் பற்றி நம்மாட்கள் அப்போதே நிறையப் பேசியாயிற்று. உடல் இடைவெளி என்று சொல்லுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியும் இங்கே விடவில்லை. ருசி கண்ட வார்த்தை.)

பஸ் ஓடவில்லை. மாவட்டம் தாண்ட இ-பாஸ். செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. எத்தனை என்பதை அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் சொல்லமுடியும். குறைந்தால் வால்வு அடைக்கும், மிஞ்சினால் மூளையில் ரத்தம் கசியும். அந்தப் பரிசோதனைக்கு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். 2020 மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மாரடைப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் முந்தின வருஷத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு என்கிறது இந்திய இருதய மருத்துவர் சங்கத்தின் ஆய்வு. மாரடைப்பா குறைந்தது? ஆள் வந்து சேரவில்லை.

அந்த ஏப்ரலிலிருந்து மூணு மாதம் ஜன்தன் கணக்குள்ள பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் போட்டார்கள். பாங்கு கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து அந்த வரிசையைப் பார்த்தவன் நான். நல்ல வெயில், தரையில் சுண்ணாம்பு வட்டம். கால் வீங்கிய ஒரு அக்கா நாலு படி ஏறமாட்டாமல் ரெண்டாம் படியில் உட்கார்ந்துவிட்டார். மாத்திரை இருக்காக்கா என்று கேட்டேன். "அதுக்குத்தான் தம்பி இந்தக் காசு" என்றார்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதமாட்டோம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்புக்கு முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்க ஏற்பாடு. நல்ல காரியங்கள்தான். வால்வு கெட்ட பிள்ளைக்கு என்ன வழி என்றுதான் கேட்கிறோம். பெனிசிலின் மலிவான மருந்து. மலிவு என்பதாலேயே கம்பெனிக்காரனுக்கு அதில் அக்கறை இல்லை, உலகம் முழுக்க அடிக்கடி தட்டுப்பாடு. மருந்து இருந்தாலும் ஒவ்வாமை வந்துவிடுமோ என்று பயந்து, சின்ன ஆஸ்பத்திரிகளில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று விரட்டுகிறார்கள். கடும் ஒவ்வாமை அபூர்வம். பக்கத்தில் அட்ரினலினும், போடத் தெரிந்த நர்சும் இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

அடுத்த தொற்று வந்து பஸ் நிற்பதற்குள் அந்த ஊசியும் ரத்தப் பரிசோதனையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தாகவேண்டும். யாருக்கு எந்தத் தேதியில் ஊசி என்று கிராம செவிலியர் கையில் ஒரு பட்டியல் வேண்டும். வாசகத் தோழர்கள் அவரவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெனிசிலின் ஊசி இருக்கிறதா, போடுகிறார்களா என்று நேரில் கேட்டு நமக்கு ஒரு கார்டு எழுதுங்கள். இல்லை என்று சொன்ன ஊர்களின் பெயரை அடுத்த இதழ் அட்டையிலேயே போடுவோம்.