சுற்றிப் பார்க்காத உலகம்

பையனுக்குச் சொகுசுக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஒரு வீட்டில் சொன்னால், மீதியைச் சுற்றியிருப்பவர்களே சொல்லிவிடுவார்கள்: "கொடுத்துவச்சவன். சம்பளமும் வாங்கிக்கிட்டு உலகத்தையும் சுத்திப் பாத்துருவான்." கேட்டரிங் படிக்கப் பிள்ளை பிடிப்பவர்களும் ஆள் எடுக்கும் ஏஜெண்டுகளும் இதையேதான் சொல்கிறார்கள். கேட்பவர் யாரும் சந்தேகப்படுவதில்லை. கப்பல் ஊர் ஊராகப் போகிறது, அதில் இருப்பவனும் ஊர் ஊராகத்தானே போவான்?

கப்பல் போகிறது, உண்மை. அதில் வேலை செய்பவர் போவது வேறு சங்கதி. இந்த நம்பிக்கை பொய் என்பதோடு விட்டுவிடலாம் என்றால் கட்டுரை எழுதத் தேவையில்லை. நீண்ட வேலை நேரத்தையும் குறைந்த அடிப்படைச் சம்பளத்தையும் ஓர் இளைஞர் வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்ள வைப்பது இந்த நம்பிக்கைதான். பார்க்கவே போகாத ஊர்களையெல்லாம் அவருடைய ஊதியத்தின் ஒரு பகுதியாக நாமே கணக்கு எழுதித் தருகிறோம். கண்டிக்க வேண்டியது அதைத்தான்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். கடற்பணியாளர்களின் உரிமைப் பட்டயம் என்று சொல்லப்படும் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006இல் ஜெனீவாவில் உருவாகி, 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா 2015இல் அதை ஏற்றது. அது கப்பல் பதிவாகியிருக்கும் கொடி நாடுகளுக்கு இரண்டு வழி தருகிறது. ஒன்று, வேலைக்கு உச்சவரம்பு: நாளுக்கு 14 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம். மற்றொன்று, ஓய்வுக்குக் கீழ்வரம்பு: நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 77 மணி நேரம். வாரத்தின் 168 மணி நேரத்தில் 77ஐக் கழித்தால் 91. அதாவது, இரண்டாவது வழியைத் தேர்ந்த நாட்டின் கொடி பறக்கும் கப்பலில் வாரத்துக்கு 91 மணி நேரம் வேலை வாங்கினாலும் அது சட்ட மீறல் ஆகாது. நான் சொல்வது திருட்டுத்தனமாக வாங்கும் வேலையைப் பற்றி இல்லை. சட்டம் அனுமதிக்கும் வேலையைப் பற்றி.

அந்தப் பத்து மணி நேர ஓய்வையும் இரண்டு துண்டாக்கலாம். ஒரு துண்டு ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்பது நிபந்தனை. இரவுச் சாப்பாட்டுக் கூடத்தை ஒழுங்குபடுத்திவிட்டுப் படுப்பவருக்கு ஆறு மணி நேரத் தூக்கம். மீதி நான்கு மணி நேரம் மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் எங்காவது விழும். அவர் உலகத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டிய நேரம் அதுதான். குளிக்க, துணி துவைக்க, விட்ட தூக்கத்தைத் தூங்க வேண்டிய நேரமும் அதேதான். வாரத்தில் ஒரு நாள் முழு விடுப்பு என்ற பேச்சு சொகுசுக் கப்பலின் ஓட்டல் பிரிவில் கிடையாது. பெரும்பாலும் ஆறிலிருந்து ஒன்பது மாதம்வரை ஒப்பந்தம். எல்லா நாளும் வேலை நாள்.

நினைத்தபோது இறங்கவும் முடியாது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது தீ விபத்தோ வேறு ஆபத்தோ வந்தால் சமாளிக்கக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பணியாளர்கள் கப்பலிலேயே இருந்தாக வேண்டும். இந்த முறை யார் தங்குவது என்று பட்டியல் போடுவார்கள். பட்டியலில் பெயர் வந்துவிட்டால் ஓய்வு நேரமாக இருந்தாலும் கரை கிடையாது. அவசரகால ஒத்திகைகளும் பெரும்பாலும் துறைமுகத்தில் நிற்கும் நாளில்தான் நடக்கும். புகழ்பெற்ற நகரங்களின் கதை இன்னும் மோசம். மயாமி, பார்சலோனா போன்றவை பயணம் தொடங்கி முடியும் துறைமுகங்கள். அங்கே காலையில் ஆயிரக்கணக்கானோர் இறங்குவார்கள், மதியத்துக்குள் அடுத்த ஆயிரக்கணக்கானோர் ஏறத் தொடங்குவார்கள். அதற்குள் எல்லா அறைகளையும் பெருக்கித் துடைத்து, விரிப்பு மாற்றி, பெட்டிகளை இறக்கி ஏற்ற வேண்டும். அறைப் பணியாளருக்கு அதைவிடக் கடுமையான நாள் இல்லை. உறவினர்கள் பொறாமைப்படும் ஊர் எதுவோ, அதுவே அவர் குனிந்த தலை நிமிராத ஊர்.

அப்படியும் கரை இறங்குபவர்கள் எங்கே போகிறார்கள்? துறைமுக வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் கடற்பணியாளர் மையத்துக்கு, இலவச வைஃபை கிடைக்கும் கடைக்கு, மருந்துக் கடைக்கு, ஊருக்குப் பணம் அனுப்பும் இடத்துக்கு. வீடியோ காலில் குழந்தையின் முகம் பார்த்து முடிப்பதற்குள் திரும்ப வேண்டிய நேரம் வந்துவிடும்.

அடுத்தது சட்டத்தின் வேலி. கரையிறங்குவது கப்பல் முதலாளி போடும் பிச்சை இல்லை. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையே அதை உரிமை என்கிறது. கடற்பணியாளர் அடையாள ஆவணம் பற்றிய 2003ஆம் ஆண்டு உடன்படிக்கை, குறுகிய நேரம் கரையிறங்க விசா கேட்கக் கூடாது என்கிறது. ஆனால் சொகுசுக் கப்பல் தொழிலின் மிகப்பெரிய சந்தையான அமெரிக்கா அதை ஏற்கவே இல்லை. அங்கே பணியாளருக்குத் தனி விசா வேண்டும். விசா இருந்தாலும் குடிவரவு அதிகாரி தரும் இறங்கு அனுமதி வேண்டும். அது அதிகபட்சம் 29 நாளுக்கு, எப்போது வேண்டுமானாலும் ரத்தாகும். ஒருவரை இறக்காதே என்று உத்தரவிட்ட பிறகு கப்பல் அவரைத் தடுத்து வைக்கத் தவறினால் அபராதம். ஆக, வேலை கொடுத்த கம்பெனியே காவலாளி ஆகிவிடுகிறது. பாஸ்போர்ட் பெரும்பாலும் கப்பல் அலுவலகத்தின் பெட்டியில். பணியாளர் கையில் ஓர் அடையாள அட்டை. ஒப்பந்தம் முடிந்து இறங்கும் நாளிலும் அந்த ஊரைப் பார்க்க நேரம் இல்லை: கப்பலிலிருந்து வேன், வேனிலிருந்து விமான நிலையம். அமெரிக்கப் பயணிகளை ஏற்றும் கப்பல்களின் கீழ்த்தளத்தில் முன்னிருந்து பின்வரை ஓடும் பணியாளர் நடைபாதைக்கு அந்நாட்டு நெடுஞ்சாலையின் பெயரால் 'ஐ-95' என்று பட்டப்பெயர் உண்டு. பலருக்கு அமெரிக்காவில் அதிகம் நடந்த சாலை அதுதான்.

"ஊரைப் பார்க்காவிட்டால் போகிறது, டாலர் வருகிறதே" என்பார்கள். வருகிறது. அந்தப் பணத்தில் வீடு கட்டியவர்கள் உண்டு, தங்கையின் கல்யாணத்தை முடித்தவர்கள் உண்டு. அவர்களின் உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் டாலரையும் மணிக்கணக்கால் வகுத்துப் பார்க்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஏற்பாட்டில் 2025ஆம் ஆண்டுக்கு நிர்ணயிக்கப்பட்டிருந்த குறைந்தபட்ச மாத அடிப்படை ஊதியம் 673 டாலர். அது தகுதிபெற்ற மாலுமிக்கான எண். தட்டு ஏந்துபவருக்கும் அறை துடைப்பவருக்கும் தனியாக ஓர் எண்ணை அது சொல்வதில்லை; அவர்களில் பலரின் வருமானம் பயணிகள் தரும் டிப்ஸை நம்பி நிற்கிறது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஊருக்கு வந்து அடுத்த அழைப்புக்குக் காத்திருக்கும் மாதங்களில் வருமானம் இல்லை. ஆண்டுச் சம்பளம் என்று பன்னிரண்டால் பெருக்கிப் பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

"பெரிய கம்பெனி, ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ளும்" என்பது அடுத்த சமாதானம். அலுவலகம் மயாமியில் இருக்கும். ராயல் கரீபியன் கப்பல் நிறுவனம் பதிவாகியிருப்பது லைபீரியாவில், நார்வேஜியன் நிறுவனத்தின் தலைமைக் கம்பெனி பெர்முடாவில். கப்பல்களில் பறப்பது பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடி. வேலை நேரம் முதல் விபத்து விசாரணை வரை பல விஷயங்களில் அந்தக் கொடி நாட்டின் சட்டமே பேசும். 2003 மே 25 அன்று மயாமி துறைமுகத்தில் நின்ற எஸ்.எஸ். நார்வே கப்பலில் கொதிகலன் வெடித்து எட்டுப் பணியாளர்கள் இறந்தார்கள். பாதிக்கப்பட்ட பிலிப்பைன்ஸ் பணியாளர்கள் தரப்பு அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. வேலை ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பாய விதி இருக்கிறது, எனவே வழக்கு இங்கே நடக்காது, அவர்கள் நாட்டு நடுவரிடம் போகட்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் சொல்லிவிட்டது. விபத்து நடந்தது அமெரிக்க மண்ணின் ஓரத்தில். கேட்கும் இடம் மட்டும் கடல் தாண்டி. கையெழுத்துப் போடும்போது அந்தப் பக்கத்தை எத்தனை பேர் படிக்கிறார்கள்?

2020ஆம் ஆண்டு மிச்சம் இருந்த மயக்கத்தையும் தெளிவித்திருக்க வேண்டும். பிப்ரவரியில் கொரோனா தொற்றால் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர். அதில் 1,045 பேர் பணியாளர்கள். பயணிகள் அவரவர் அறைக்குள் தனிமைப்படுத்தப்பட்டார்கள். பணியாளர்கள் சமைத்தார்கள், அறை வாசல்தோறும் சாப்பாடு கொண்டுபோய் வைத்தார்கள், இரவில் பகிர்ந்து தங்கும் அறைகளுக்கே திரும்பினார்கள். ஒரே கப்பலில் இரண்டு வகை உயிர். தமிழ்நாட்டவர் உள்பட 132 இந்தியப் பணியாளர்கள் அதில் இருந்தார்கள்.

மார்ச் மாதம் அமெரிக்கா சொகுசுக் கப்பல்களை ஓட்டத் தடை விதித்தது. பயணிகள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். பணியாளர்களைச் சாதாரணப் பயணிகள் விமானத்தில் ஏற்றக் கூடாது என்று நிபந்தனை வந்தது; பல்லாயிரம் பேர் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கடலிலேயே கிடந்தார்கள். சொந்த நாடும் கதவைத் திறக்கவில்லை. மரெல்லா டிஸ்கவரி கப்பல் மும்பைக்கு அருகிலேயே காத்திருந்தது. அதிலிருந்த சுமார் 145 இந்தியப் பணியாளர்களால் ஏப்ரல் 23 அன்றுதான் இறங்க முடிந்தது. உலகம் சுற்ற வந்தவர்கள் என்று நாம் சொன்னவர்களுக்கு உலகத்தில் இறங்க ஒரு கரை இல்லை.

"யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, இஷ்டப்பட்டுத்தானே போகிறார்கள்" என்று ஒரு கேள்வி எஞ்சியிருக்கும். இஷ்டம் என்பது தெரிந்து எடுக்கும் முடிவு. துபாய்க்குக் கட்டட வேலைக்குப் போகிறவரைப் பார்த்து, "புர்ஜ் கலீஃபாவைப் பார்க்கக் கொடுத்துவைத்தவர்" என்று நாம் சொல்வதில்லை. எத்தனை மணி நேர வேலை, ஓவர்டைம் உண்டா, பாஸ்போர்ட் யார் கையில் என்று கேட்கிறோம். வளைகுடாவில் பட்ட அடி அந்தக் கேள்விகளை நமக்குக் கற்றுத் தந்தது. கப்பலுக்குப் போகிறவரிடம் மட்டும் அவற்றைக் கேட்காமல் போட்டோ அனுப்பச் சொல்கிறோம். கரையில் நின்று எடுத்த ஒரு போட்டோ வந்ததும், மற்ற நாட்களைப் பற்றிக் கேட்க வாய் வருவதில்லை. கஷ்டம் என்று அவரே சொன்னாலும், "உலகம் சுத்துறவனுக்கு என்ன குறை" என்று அடைத்துவிடுகிறோம்.

கேட்க வேண்டிய கேள்விகள் இவை. ஆள் எடுக்கும் ஏஜெண்டிடம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் தந்த ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா? வேலை வாங்கித் தருவதற்குப் பணியாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். மருத்துவச் சான்று, கடற்பணிப் புத்தகம், பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவு மட்டுமே அவருடையது, விசாச் செலவு கப்பல் முதலாளியுடையது. லட்சம் கேட்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் உறுதியான ஊதியம் எவ்வளவு, டிப்ஸ் எவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்கிறதா? ஊர் திரும்பும் செலவு யாருடையது? தகராறு வந்தால் எந்த நாட்டில், யாரிடம்?

அரசுக்கும் ஒரு கடமை இருக்கிறது. 2025 ஜூனில் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் சில திருத்தங்களுக்கு ஒப்புதல் தந்தது. கடற்பணியாளர்களை முக்கியப் பணியாளர்களாக நாடுகள் ஏற்க வேண்டும், கரையிறங்கும் உரிமை வலுப்பட வேண்டும் என்பவை அவற்றில் அடக்கம். அவை 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வர வேண்டும். உலகக் கப்பல்களுக்கு ஆட்களை அனுப்பும் பெரிய நாடுகளில் ஒன்றான இந்தியா அதுவரை கைகட்டி நிற்கக் கூடாது. நம் துறைமுகங்களில் வந்து நிற்கும் கப்பல்களின் பணியாளர்களுக்குக் கரையிறங்கும் உரிமையைத் தடையின்றித் தந்துவிட்டு, மற்ற நாடுகளிடம் அதையே கேட்கட்டும்.

கப்பல் வேலை கௌரவமான வேலை, கடினமான வேலை. அதற்கு உரிய சம்பளம், உரிய தூக்கம், கரையில் கால் வைக்க உரிய நேரம் வேண்டும். அடுத்த முறை கப்பலுக்குப் புறப்படும் பிள்ளை உங்களிடம் வந்து நின்றால், வாழ்த்துவதற்கு முன்பு ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள்.