கணக்கைக் காட்டட்டும் தேர்வு முகமை!

தெற்கு அந்தமானில், ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-ல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்கு அருகே உள்ளது கராச்சர்மா. அங்கு பிளஸ் 2 முடிக்கும் தமிழ் மாணவர் ஒருவர் என்ஐடி-யிலோ, மத்தியப் பல்கலைக்கழகத்திலோ இடம் பெற விரும்பினால், தேசிய தேர்வு முகமை (என்டிஏ) நடத்தும் தேர்வையே நம்பியிருக்க வேண்டும். அத்தேர்வில் அவர் எடுத்த மதிப்பெண் வேறு. கைக்கு வந்து சேரும் எண் வேறு. இடையில் நடக்கும் கணக்கு என்ன என்பது பெரும்பாலான பெற்றோருக்குப் புரிவதில்லை.

லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வை ஒரே நாளில் கணினி வழியே நடத்த இயலாது. எனவே பல அமர்வுகளில், வெவ்வேறு வினாத்தாள்களுடன் தேர்வு நடக்கிறது. ஒரு தாள் எளிதாகவும் மற்றொன்று கடினமாகவும் அமைந்துவிட்டால் மதிப்பெண்களை நேரடியாக ஒப்பிட முடியாது. அதற்காகவே 2019 முதல் ஜேஇஇ முதன்மைத் தேர்வில் பெர்சன்டைல் முறை பின்பற்றப்படுகிறது. ஒரு அமர்வில் ஒரு லட்சம் பேர் எழுதி, அவர்களில் 95 ஆயிரம் பேர் ஒரு மாணவருக்குச் சமமாகவோ குறைவாகவோ பெற்றிருந்தால் அவரது பெர்சன்டைல் 95. அது 95 சதவீத மதிப்பெண் அல்ல; வரிசையில் அவர் நிற்கும் இடம். 2022-ல் அறிமுகமான மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வில் (க்யூட்) இந்த வரிசையிடம் மீண்டும் மதிப்பெண்ணாக மாற்றப்படுகிறது.

இந்த ஏற்பாட்டின் நோக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால், எல்லா அமர்வுகளிலும் சம திறனுள்ள மாணவர்களே எழுதினார்கள் என்கிற அனுமானத்தின் மீதுதான் இது நிற்கிறது. எண்ணிக்கை பெரிதாக இருக்கும்வரை அந்த அனுமானம் ஓரளவு செல்லும். ஒரு பாடத்தை ஒரு அமர்வில் 20 பேர் மட்டுமே எழுதினால், ஒவ்வொருவரும் 5 பெர்சன்டைலுக்குச் சமம். ஒருவர் வராமல் போனாலே மற்றவர்களின் எண் மாறிவிடும்.

மதிப்பெண்ணைச் சமன்செய்வது தமிழகத்துக்குப் புதிதல்ல. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை ரத்து செய்து 2006-ல் சட்டப்பேரவை நிறைவேற்றிய சட்டம், வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்களை ஒப்பிடும் முறையையும் வகுத்தது. மாநில வாரியத்தில் ஒரு பாடத்தின் முதல் மதிப்பெண் 100, வேறொரு வாரியத்தில் 90 என்றால் இரண்டும் 100 ஆகக் கொள்ளப்படும். அந்த வாரியத்தில் 60 பெற்றவருக்கு 66.66. அம்முறை குறையற்றது என்று சொல்ல முடியாது. ஆயினும், அது சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. பேரவையில் விவாதிக்கவும், நீதிமன்றத்தில் கேள்வி கேட்கவும் இடமிருந்தது.

சமன்செய்தல் என்பது வெறும் கணிதமல்ல, அது கொள்கை முடிவு என்பதைத் தமிழர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இலங்கையில் 1970-களின் தொடக்கத்தில் மருத்துவப் படிப்புக்கு 400-க்குத் தமிழ்மொழி வழித் தேர்வர்கள் 250-ம், சிங்களமொழி வழித் தேர்வர்கள் 229-ம் பெற வேண்டும் என நிர்ணயிக்கப்பட்டது. "தரப்படுத்தல்" என்ற சொல் ஒரு தலைமுறையின் காயமாகவே மாறியது. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீடு, யாழ்ப்பாணத்துக்கு இழப்பையும், பின்தங்கிய மாவட்டங்களுக்குச் சில வாய்ப்புகளையும் தந்தது. எவரை எவரோடு ஒப்பிடுவது என்று தீர்மானிப்பவரிடமே அதிகாரம் இருக்கிறது என்பதே அதன் பாடம். இந்தியாவின் இன்றைய முறையில் அத்தகைய உள்நோக்கம் இருப்பதாகக் கூறுவது நியாயமாகாது. ஆனால், நம்பிக்கை வெளிப்படைத்தன்மையால் மட்டுமே வரும்.

2024 நீட் தேர்வில், நேர இழப்பைக் காரணம் காட்டி 1,563 பேருக்கு ஒரு சூத்திரத்தின்படி கருணை மதிப்பெண் வழங்கப்பட்டது முடிவுகள் வெளியான பிறகே நாட்டுக்குத் தெரிந்தது. உச்ச நீதிமன்றத்தில் வழக்கு வந்ததும் அவை திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பொதுத் தேர்வு முறைகேடுகள் தடுப்புச் சட்டம், வினாத்தாள் கசிவுக்கும் மோசடிக்கும் தண்டனை வகுத்தது. மதிப்பெண்ணை மாற்றும் முறைக்கோ அதில் விதி ஏதுமில்லை.

அந்தமான் நிகோபாருக்குச் சட்டப்பேரவை கிடையாது. தனிப் பள்ளிக் கல்வி வாரியமும் கிடையாது. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். மாநிலங்களவையில் அதுவும் இல்லை. தமிழகம் 2006-ல் செய்ததைப் போலத் தனக்கென ஒரு சட்டம் இயற்றிக்கொள்ளத் தீவுகளுக்கு வழியில்லை. அவர்களுக்காகப் பேச நாடாளுமன்றத்தைத் தவிர வேறு மன்றம் ஏது?

சூத்திரத்தை முகமை வெளியிட்டிருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அதைச் சரிபார்க்க, அந்த அமர்வில் எழுதிய அனைவரின் மதிப்பெண் பரவல் வேண்டும். மாணவரிடம் இருப்பதோ தமது விடைகள் மட்டும்தான். எனவே, பெயர்களைத் தவிர்த்து ஒவ்வொரு அமர்வின் மதிப்பெண் பரவலும் வெளியிடப்பட வேண்டும். மாணவர் பெற்ற மதிப்பெண்ணும் மாற்றப்பட்ட மதிப்பெண்ணும் ஒரே தாளில் தரப்பட வேண்டும். சிறிய எண்ணிக்கையினர் எழுதும் பாடங்களை ஒரே அமர்வில் நடத்தினால் மாற்றத்துக்கே அவசியமிராது. சமன்செய்யும் முறையும் அதில் செய்யப்படும் திருத்தங்களும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும்.

கூட்டிக் கழித்துத் தானே சரிபார்க்க முடிந்த தோல்வியை ஒரு மாணவர் ஏற்றுக்கொள்வார். விளங்காத எண்ணை ஏற்கச் சொல்வது தேர்வல்ல, தீர்ப்பு.