உம்மாவை எழும்பி நடக்க விடுங்கள்



"நீங்க எழும்ப வேணாம் உம்மா, தேத்தண்ணிய நான் கொண்டு வந்து தாறேன்." வயதான தாயோ மாமியோ இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பாசத்தில்தான் சொல்கிறோம். இறம்பொடை போன்ற மலையூரில் அதற்குக் காரணமும் உண்டு. பாதைக்கு இறங்கவும் படி, குளிக்கப் போகவும் படி, மழைக்காலத்தில் எல்லாப் படியிலும் பாசி. விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் கதிரையிலேயே இருத்திவிடுகிறோம்.

ஆனால் வேலையில்லாத கால் கரைந்து போகிறது. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சுகதேகிகளான முதியவர்கள் 10 நாள் படுக்கையில் கிடந்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை குறைந்துவிட்டது! ஏற்கனவே தளர்ந்த உடம்பென்றால் கேட்கவும் வேண்டுமா?

அங்கே யேல் பல்கலைக்கழகத்து டொக்டர் தோமஸ் கில் குழுவினர், வீட்டில் வாழும் 75 வயதும் அதற்கு மேலுமான தளர்ந்த 188 பேரை ஆராய்ந்து 2002இல் முடிவை வெளியிட்டனர். பாதிப் பேருக்கு வீடு தேடிச் சென்று 6 மாதம் கால் பலத்துக்கும் சமநிலைக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஓராண்டு சென்றபின், குளிக்கவும் உடுக்கவும் பிறர் கையை எதிர்பார்ப்பது இவர்களிடம் குறைவாக இருந்தது. மிகவும் தளர்ந்துவிட்டவர்களுக்கு மட்டும் அந்தப் பலன் கிட்டவில்லை. ஆகவே இது தள்ளிப்போடும் காரியமல்ல.

உங்கள் உம்மாவைக் கைகளை நெஞ்சில் மடித்துக்கொண்டு கதிரையிலிருந்து எழும்பச் சொல்லிப் பாருங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். முடியவில்லையா? தளர்ச்சி வந்துவிட்டது. நெஞ்சுவலி, தலைச்சுற்று உள்ளவரானால் முதலில் டொக்டரைக் கேளுங்கள். மற்றவர்கள் சுவரோடு சேர்த்து வைத்த கனமான கதிரையில், கையூன்றியாவது தினமும் நாலைந்து தடவை எழும்பி இருக்கட்டும். பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், சறுக்கும். பழகப் பழகக் கூட்டலாம்.

இருந்து தொழுபவரானால், ஒவ்வொரு வக்துக்கும் தொழும் இடத்துக்கு அவரே நடந்து போகட்டும். கதிரையைக் கட்டிலடிக்கு இழுத்துக் கொடுக்காதீர்கள். வுளூ செய்யும் இடத்துப் பாசியைத் தேய்த்துவிட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பதியுங்கள். வாசலில் கிடக்கும் சாக்கை எடுத்துவிடுங்கள். இரவில் ஒரு சின்ன லைட் எரியட்டும். சோற்றோடு பருப்பும் முட்டையும் நெத்தலியும் அவருக்கும் வேண்டும். வெறும் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் தசையைத் தராது.

ஒன்று மட்டும் கவனம்: நேற்றுவரை நடந்தவர் இன்று திடீரென எழும்ப முடியாமல் போனால், "வயசுதானே" என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.