மலர் பூவாத சதுப்பு

போகாத ஊருக்கு வழி கேட்பவனை நம்மவர் கேலி செய்வதுண்டு. இன்று நாமோ இல்லாத ஊருக்கே வழி சொல்லப் புகுகின்றோம். அதுவும் மாட மாளிகைகள் நிறைந்த ஊரன்று. சேறும் பாசியும் மண்டிய ஒரு சதுப்பு நிலம். எந்தத் தேசப்படத்திலும் அது காணப்படாது. ஆயினும் அதன் எல்லைகளையும் நீரோட்டங்களையும், அங்கு முளைப்பவை முளைக்காதவை எவையென்பதையும் ஆராய்ந்து பார்த்தால், உலகில் உள்ள பல நிலங்களைப் பற்றிய உண்மைகள் புலனாகும். ஆதலின் வாசக நேயர்கள் சற்றுப் பொறுமையுடன் எம்மோடு நடந்து வருவார்களாக. காலடியில் மட்டும் கவனம் வேண்டும்.

நாம் குறிப்பிடுவது ‘மரித்தோர் சதுப்பு’ என்று தமிழில் வழங்கத்தக்க ஓரிடத்தை. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய ரொல்கீன் என்பார் எழுதிய ‘லோர்ட் ஒவ் த றிங்ஸ்’ என்னும் பெருங்கதையில், 1954ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் பாகத்தில் இஃது இடம்பெறுகின்றது. தீமையே உருவான ஒரு வல்லரசனின் மோதிரத்தை அழிக்கும் பொருட்டு, புரோடோ, சாம் என்னும் இரு சிறிய மனிதர் அவனுடைய நாட்டை நோக்கி நடக்கின்றனர். நேர்வழியோ திறந்த வெளி. பகைவரின் கண்ணுக்குத் தப்ப இயலாது. ஆகவே கொலம் என்னும் இழிந்த பிராணி ஒன்றை வழிகாட்டியாகக் கொண்டு, எவரும் நுழையத் துணியாத சதுப்பினூடே அவர்கள் செல்ல நேர்கின்றது.

முதலில் இதன் புவியியலைக் காண்போம். மேற்கே எமின் மூயில் என்னும் கரடுமுரடான கற்குன்றுகள். அவற்றின் இடுக்குகளிலிருந்து ஒழுகிவரும் ஓடைகள் தாழ்நிலத்தை அடைகின்றன. ஆங்கு வேகம் இழந்து, கிளைகளாகப் பிரிந்து, குட்டைகளாகத் தேங்கி நிற்கின்றன. தென்மேற்கே, அந்துயின் என்னும் பெருநதியை அடுத்து, நிண்டால்வ் என்ற மற்றோர் ஈரநிலம் பரந்து கிடக்கின்றது. மறுபுறத்தே தாகோர்லாத், அதாவது போர்க்களவெளி. அதற்கு அப்பால் பகைவனின் கோட்டை வாயில். மேட்டிலிருந்து இறங்கும் நீர் வெளியேற வழியின்றித் தங்குமிடத்திற் சதுப்புத் தோன்றும் என்பது புவியியலின் பால பாடம். கற்பனை ஆசிரியர் அந்தப் பாடத்தை மீறவில்லை.

இன்னுமொரு நுட்பமும் உண்டு. சதுப்பு நிலம் ஓரிடத்தில் அடங்கிக் கிடப்பதன்று. அது வளரும், நகரும். விளிம்பிலுள்ள செடிகள் மடிந்து படிந்து நீரோட்டத்தை அடைக்க, நீர் அடுத்த வயலுக்கும் அதற்கடுத்த மேட்டுக்கும் பரவும். ரொல்கீனின் கதையிலும் அவ்வாறே நடந்தது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் போர்க்களவெளியிலே பெரும் போரொன்று நிகழ்ந்தது. மாண்டவர்களை உரியவர்கள் அங்கேயே அடக்கம் செய்தனர். காலம் செல்லச் செல்ல அக்கல்லறைகளைப் பேணுவார் இல்லாதொழிந்தனர். சதுப்போ ஓசையின்றி ஊர்ந்து வந்து அவற்றை விழுங்கிவிட்டது.

இனித் தாவரங்களைக் கவனிப்போம். புரோடோ அங்கு சென்றது மார்ச் மாதத் தொடக்கம். குளிர்காலத்தின் பிடி இன்னும் தளரவில்லை. உலர்ந்த புல்லும், உளுத்துப்போன நாணலும் பனிமூட்டத்தினிடையே தலை காட்டுகின்றன. பச்சை என்று சொல்லத்தக்கது தேங்கிய நீரின்மேற் படர்ந்த பாசி ஒன்றுதான். பறவையில்லை; பாம்பும் புழுவுமே உண்டு. ஒரு மலரும் இல்லை. இந்த ‘இல்லை’யை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். ரொல்கீன் மரஞ்செடிகளைத் தம் சுற்றத்தார் போலப் பாவித்தவர். அவர் ஒரு நிலத்திற்கு மலர் கொடுக்கவில்லையென்றால் அது மறதியால் நேர்ந்ததன்று.

சதுப்பு என்பதாற் பூக்கவில்லை என்று கூறவும் முடியாது. அதே கதையிலே வேறொரு சதுப்பு உண்டு. கிளாடன் வயல்கள் என்பது அதன் பெயர். கிளாடன் என்பது பழைய ஆங்கிலத்தில் ஐரிஸ் செடியைக் குறிக்கும் சொல். ஐரோப்பாவின் ஆற்றோரங்களிலும் குளக்கரைகளிலும் இன்றும் மஞ்சள் ஐரிஸ் ஆளின் இடுப்பளவு உயர்ந்து வாள்போன்ற இலைகளோடு செழித்து நிற்கின்றது. அத்தகைய பொன்மலர்க் காட்டிலேதான் மோதிரம் நீரில் வீழ்ந்து ஏறக்குறைய 2,460 ஆண்டுகள் சேற்றிற் புதைந்து கிடந்தது. பின்னர் அதைக் கண்டெடுத்தவனை அவனுடைய நண்பனே கொன்றான். அக்கொலைகாரன்தான் நாளடைவில் உருமாறிக் கொலம் ஆனான். முதற் சதுப்பின் கரையிற் கெட்டவன் இரண்டாம் சதுப்புக்கு வழிகாட்டியாக வந்து நிற்கின்றான்.

மரித்தோர் சதுப்பினூடே இரவில் நடக்கும்போது, மெழுகுதிரிச் சுடர்கள் போன்ற வெளிச்சங்கள் அங்குமிங்கும் அசைகின்றன. நம் நாட்டுக் கிராமத்தவர் இவற்றைக் கண்டிருந்தால் ‘கொள்ளிவாய்ப் பிசாசு’ என்று ஒரே சொல்லில் முடித்திருப்பர். செடிகொடிகள் காற்றுப்படாத சேற்றில் அழுகும்போது மெதேன் என்னும் எரிவாயு உண்டாகின்றது. இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா 1776ஆம் ஆண்டு மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி, எழுந்த குமிழிகளைச் சேகரித்து, அவ்வாயு தீப்பற்றுவதைக் காட்டினார். எனினும் கதையில் வரும் வெளிச்சம் வாயுவோடு முடிவதன்று. சாம் கால் இடறி விழுகின்றான். அவன் முகம் நீரை அணுகுகின்றது. ஆழத்திலிருந்து முகங்கள் அவனை நோக்குகின்றன. போரில் மாண்ட மனிதரின் முகங்கள். எல்வ் குலத்தாரின் முகங்கள். அவர்களை எதிர்த்துப் போரிட்ட ஓர்க்குகளின் முகங்களும் அவற்றோடு கலந்தே கிடக்கின்றன. நல்லவர் தீயவர் என்ற பேதத்தை நீர் பாராட்டவில்லை. முன்பொருகால் அவற்றைத் தொட்டுவிடக் கொலம் முயன்று பார்த்தானாம். கைக்கு எட்டவில்லை.

மூவாயிரம் ஆண்டுகள் சதுப்பிலே முகம் நிலைத்திருக்குமா என்று கேட்கலாம். அது கதாசிரியரின் மாயம் என்று தள்ளிவிடுமுன், டென்மார்க் தேசத்துக்குச் சென்று வருவோம். 1950ஆம் ஆண்டு மே மாதம் சில்கபோர்க் நகரை அடுத்த சதுப்பொன்றில் எரிபொருளுக்காகச் சேற்றுக்கட்டி வெட்டியவர்கள் ஒரு மனித உடலைக் கண்டனர். அண்மையில் நிகழ்ந்த கொலையென்று எண்ணிக் காவற்றுறையினருக்கு அறிவித்தனர். ஆராய்ந்தபோதோ அவன் இறந்து ஏறக்குறைய 2,400 ஆண்டுகள் ஆகிவிட்டமை தெரியவந்தது. தொலுண்ட் மனிதன் என்று உலகம் அவனை அழைக்கின்றது. கழுத்திலே கயிறு, முகத்திலோ உறங்குவான் போன்ற அமைதி, மோவாயில் முளைத்திருந்த தாடிமயிர் கூட அழியவில்லை.

இந்த விந்தையைச் செய்வது ஸ்பாக்னம் என்னும் எளிய பாசிதான். தன் உலர் நிறையைப்போல் இருபது மடங்கு நீரை அது உறிஞ்சித் தாங்க வல்லது. தான் வாழும் நீரை அமிலமாக்கி, பிற செடிகளை அண்டவிடாது செய்யும். அமிலமும் குளிரும் சேர, ஒட்சிசனும் இல்லாதொழிய, உடலை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் அங்கு செயலற்றுப் போகின்றன. மடிந்த பாசியே அடுக்கடுக்காகப் படிந்து, முற்றா நிலக்கரி எனப்படும் கரிய சேறாகின்றது. அது ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் உயரும். அக்கணக்கின்படி மூவாயிரம் ஆண்டில் மூன்று மீற்றர் சேறு படிந்திருக்கும். கொலத்தின் கை எட்டாமற் போனதில் என்ன வியப்பு?

ஆயினும் இச்சதுப்பின் ஊற்றுக்கண் பாசி மட்டுமன்று. ரொல்கீன் 1916ஆம் ஆண்டு யூன் மாதம் இளம் இராணுவ அதிகாரியாகப் பிரான்சு தேசத்திற் கால் வைத்தார். லங்காஷயர் பியூசிலியர்ஸ் படைப்பிரிவிற் சமிக்ஞை அதிகாரி அவர். யூலை 1ஆந் திகதி சொம் நதிப் பிரதேசத்திற் பெருஞ்சமர் மூண்டது. அந்த ஒருநாளில் மாத்திரம் பிரித்தானியப் படையில் 19,240 பேர் மாண்டனர். அவர்களில் ஒருவர் ரொல்கீனின் பள்ளித் தோழர் ரொப் கில்சன். டிசெம்பரில் மற்றொரு தோழரான ஜெப்ரி பேச் ஸ்மித்தும் குண்டுச் சிதறலால் உண்டான காயத்தால் இறந்தார். சமர் நவம்பர் வரை நீடித்தது. மாரி மழையில் எறிகணைக் குழிகளெல்லாம் குட்டைகளாயின. மாண்டவர் பலர் அக்குட்டைகளிலேயே கிடந்தனர். பேன்களாற் பரவும் அகழிக் காய்ச்சல் கண்டமையால் ரொல்கீன் தாயகம் திரும்பி உயிர் பிழைத்தார்.

மரித்தோர் சதுப்பு, சொம் சமருக்குப் பிந்திய வட பிரான்சுக்கு ஓரளவு கடமைப்பட்டது என்று 1960ஆம் ஆண்டு இறுதியில் எழுதிய கடிதமொன்றில் அவரே குறிப்பிட்டிருக்கின்றார். வில்லியம் மொறிஸின் கதைகளுக்கு அதனினும் மிகுதியாகக் கடமைப்பட்டது என்றும் அக்கடிதம் கூறுகின்றது. தம் துயரைப் பெரிதாக்கிக் காட்டும் வழக்கம் அவரிடம் இருக்கவில்லை. ஆயின் இவ்வத்தியாயம் எழுதப்பட்ட காலத்தையும் நோக்குதல் வேண்டும். அது 1944ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அவருடைய மகன் கிறிஸ்டோபர் விமானப்படையிற் சேர்ந்து தென்னாபிரிக்காவிற் பயிற்சி பெற்றுவந்தான். எழுதி முடிந்த அத்தியாயங்களைத் தந்தை அவனுக்கு அனுப்பிவந்தார். ஒரு போரில் நண்பர்களை இழந்தவர், மறு போருக்கு மகனை அனுப்பிவிட்டு, நீருக்கடியிற் கிடக்கும் முகங்களைப் பற்றி எழுதினார்.

இப்பொழுது மலருக்குத் திரும்புவோம். ரொல்கீன் போரில் மாண்டார்க்கு மலரே கொடாதவரல்லர். அதே பாகத்தில் ரோகன் நாட்டு மன்னர்களின் சமாதி மேடுகள் வருகின்றன. அவற்றின்மீது சிறிய வெண்மலர்கள் எல்லாப் பருவங்களிலும் பூத்துக் கிடக்கின்றன. அவற்றின் பெயருக்கு ‘என்றும் நினைவு’ என்பது பொருள். அம்மேடுகளுக்குப் பெயர் உண்டு, பேணுவார் உண்டு, ஆகவே மலர் உண்டு. போர்க்களவெளியில் அடக்கம் செய்யப்பட்டார்க்கும் ஆதியிற் கல்லறை இருந்தது. பேணும் கைகள் இல்லாது போகவே, மலருக்குப் பதிலாகப் பாசி வந்தது. விளக்குக்குப் பதிலாகக் கொள்ளி வந்தது.

மெய்யான சொம் நிலத்தில் நிகழ்ந்தது வேறு. 1917ஆம் ஆண்டு இதற்கென்றே ஓர் ஆணைக்குழு நிறுவப்பெற்றது. படைவீரனின் தகுதி நோக்காது ஒரே அளவான கல்லும், கல்லின் முன்னே பூஞ்செடிகளும் வைக்கப்பட்டன. அவை இன்றும் பராமரிக்கப்படுகின்றன. உடல் கிடைக்காதவர்களை என் செய்வது? தியப்வல் என்னுமிடத்தில் 1932ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட நினைவு மண்டபத்தின் சுவர்களில், கல்லறை அறியப்படாத 72,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. முகத்தைத் தொட முடியாத உறவினர் அங்கு சென்று பெயரைத் தொட்டுப் பார்த்தனர்.

அந்த எளிய ஸ்பாக்னம் பாசியைப் பற்றி ஒரு வார்த்தை. அப்போரின்போது பஞ்சுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பிரித்தானியாவின் சதுப்புகளில் ஊர்மக்கள் இப்பாசியை வாரி எடுத்து, உலர்த்தி, சுத்தம் செய்து, காயக்கட்டுகளாகத் தைத்து மருத்துவமனைகளுக்கு அனுப்பினர். பஞ்சைவிட மிகுதியாகக் குருதியை அது உறிஞ்சியது. அதன் அமிலத்தன்மை காயம் சீழ்பிடிக்காமற் காத்தது. மாண்டவனை மூடிக்கொள்ளும் அதே செடி, கை ஒன்று எடுத்துப் பயன்படுத்தியபோது உயிரோடிருந்தவனின் புண்ணை ஆற்றியது.

போரைக் கண்ட நாட்டில் வாழும் நமக்கு இவற்றையெல்லாம் விரித்துரைக்க வேண்டிய அவசியமில்லை. கேள்வியும் பதிலும் இன்றிக் காத்திருக்கும் தாய்மார் எத்தனையோ பேர் நம்மிடையே உள்ளனர். சதுப்பின் இயல்பு ஊர்ந்து பரவுவது. அதை எவரும் ஏவவேண்டியதில்லை. பேணாது விட்டால் அது தானே வரும். வீட்டிலே பழைய படமொன்று மாட்டியிருக்குமாயின், அதில் இருப்பவர் யார், அவருடைய பெயர் என்ன, அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை இன்று மாலை பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். ஒரு பூவும் வைப்போம்.