நாதஸ்வரத்துக்கு மூன்று நிமிஷம்

சங்கீத விஷயத்தில் கதை எழுதுகிறவனுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ராக லட்சணங்களைப் பற்றி வாதம் செய்ய நான் வரவில்லை. அதற்கென்று இருக்கிற பண்டிதர்கள் அந்தச் சண்டையைச் செவ்வனே நடத்திக்கொண்டிருக்கிறார்கள். நான் கேட்க வந்தது சாதாரணக் கேள்வி. இரவு முழுவதும் வாசிப்பதற்கென்றே பிறந்த ஒரு வாத்தியத்துக்கு, நாம் ஏன் மூன்று நிமிஷத்துக்கு மேல் காது கொடுப்பதில்லை?

தென்காசியில் திருநெல்வேலி ரயிலில் ஏறி உட்கார்ந்தால், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் தாண்டிக் காருகுறிச்சி என்ற சிறிய ஸ்டேஷன் வரும். 1921-ல் அங்கே பிறந்தவர் அருணாசலம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர். 1964-ல், தம்முடைய நாற்பத்து மூன்றாம் வயதில் காலமானார். கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கிறது. சினிமா நட்சத்திரங்களுக்கும் அரசியல் தலைவர்களுக்கும் சிலை வைத்துப் பழகிய நாட்டில் ஒரு நாதஸ்வரக்காரருக்குச் சிலை வைத்தார்கள் என்றால், அந்தக் கரிசல் பூமி ஜனங்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

ஆனால் இன்று காருகுறிச்சியார் என்றதும் தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு நினைவுக்கு வருவது எது? 1962-ல் வெளியான ‘கொஞ்சும் சலங்கை’யில் ஜானகியின் குரலோடு அவர் வாசித்த ‘சிங்கார வேலனே தேவா’. நல்ல பாட்டுத்தான்; இல்லையென்று யார் சொன்னார்கள்? ஆபேரியை அதற்கு மேல் இனிமையாகக் கொடுக்க முடியாது. ஆனாலும் ஒரு சந்தேகம். சமுத்திரத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீரை மொண்டு வீட்டில் வைத்துக்கொண்டு, “சமுத்திரம் எங்கள் வீட்டில் இருக்கிறது” என்று சொல்லலாமோ?

அவர் கோயில் திருவிழாக்களிலும் கல்யாணங்களிலும் மணிக்கணக்காக வாசித்ததில் நமக்கு மிஞ்சியது கொஞ்சம். வானொலிக்காரர்கள் எடுத்து வைத்தது சில. டேப் ரிக்கார்டரைத் தோளில் சுமந்துகொண்டு அவர் பின்னால் அலைந்த ரஸிகர்கள் எடுத்தது சில. அந்த நாளில் அவர்களைப் பைத்தியம் என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பைத்தியங்கள் வாழ்க!

குற்றாலத்துக்கு இந்தப் பக்கம் செங்கோட்டையில் நடந்தது இன்னும் மோசம். எஸ். ஜி. கிட்டப்பா 1906-ல் அங்கே பிறந்து, 1933-ல் இருபத்தேழே வயதில் போய்விட்டார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்கும்படி பாடியவர். ஜனங்கள் விடாமல் மறுபடி மறுபடி பாடச் சொல்லிக் கேட்டார்கள் என்று நம் பாட்டனார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்தக் கொட்டகை, அந்தக் கூட்டம், இரண்டாம் முறை பாடும்போது அவர் புதிதாகப் போட்ட பிருகா எல்லாம் காற்றோடு போயிற்று. மிஞ்சியவை கிராமபோன் தட்டுகள். தட்டு சுழன்று முடியும் நேரத்துக்குள் பாட்டும் முடியவேண்டும் என்பது சட்டம்.

கிட்டப்பாவுக்கு நேர்ந்ததற்குக் குறை சொல்ல முடியாது. அப்போது யந்திரத்தின் சக்தி அவ்வளவுதான். தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷம் சொச்சம். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் அந்தச் சிமிழுக்குள்தான் அடங்க வேண்டியிருந்தது. ஆனால் 1948-ல் நீண்ட நேரம் ஓடும் தட்டு வந்துவிட்டது. பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும். பிறகு டேப் வந்தது, காசெட் வந்தது, குறுந்தகடு வந்தது. இப்போது சட்டைப்பையில் இருக்கிற டெலிபோன் ஒரு முழு இரவுக் கச்சேரியைப் பதிந்து கொள்ளும். யந்திரம் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. நம்முடைய பொறுமை மட்டும் அந்தப் பழைய தட்டைவிட்டு இறங்கவில்லை.

இந்த இடத்தில் வாசகர்களைக் கொஞ்ச தூரம் அழைத்துப் போகிறேன், அமெரிக்காவுக்கு. ‘கொஞ்சும் சலங்கை’ வெளியான அதே 1962-ஆம் வருஷம் அக்டோபர் 24-ந் தேதி, நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியில் உள்ள அப்பல்லோ என்ற கொட்டகையில் ஜேம்ஸ் பிரவுன் என்ற கறுப்பர் இனப் பாடகர் கச்சேரி செய்தார். அவர் பாடியதற்கு ‘ஸோல்’ சங்கீதம் என்று பெயர். மாதா கோயிலில் கறுப்பர்கள் உருகி உருகிப் பாடிய பாணி மேடைக்கு வந்து நின்றால் எப்படி இருக்குமோ, அப்படி. கோயிலிலிருந்து மேடைக்கு வந்த சங்கீதம் நமக்குப் புதிதல்லவே!

அந்தக் கச்சேரியை அப்படியே தட்டாகப் போடவேண்டும் என்று பிரவுன் ஆசைப்பட்டார். தட்டுக் கம்பெனி முதலாளி மறுத்துவிட்டார். “ஏற்கெனவே விற்ற பாட்டுக்களைக் கூட்டத்தின் கூச்சலோடு மறுபடி எவன் வாங்குவான்?” என்பது அவர் கட்சி. வியாபாரி அல்லவா! பிரவுன் தம் கைக்காசைப் போட்டுப் பதிவு செய்தார். 1963-ல் தட்டு வெளியாயிற்று. அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறி, அறுபத்தாறு வாரம் அதில் இருந்தது. எந்தக் கூச்சலுக்கு முதலாளி பயந்தாரோ, அந்தக் கூச்சலைக் கேட்கத்தான் ஜனங்கள் காசு கொடுத்தார்கள்.

இதே பிரவுனின் கோஷ்டியில் 1968-ல் சேர்ந்தவர் பிரெட் வெஸ்லி, ட்ராம்போன் வித்வான். ட்ராம்போன் என்றால் வேறொன்றுமில்லை. நம் ஊர் பாண்டு செட்டில் பித்தளைக் குழாயை முன்னும் பின்னும் இழுத்து வாசிப்பார்களே, அதுதான். அதில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் துவாரம் கிடையாது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போகலாம். நம்மவர் காதுக்கு அது கமகம் போலவே கேட்கும். 1971 மார்ச்சில் பாரிஸ் நகரத்தில் அந்தக் கோஷ்டி செய்த கச்சேரியில் வெஸ்லியும் வாசித்தார். கச்சேரியைப் பதிவு செய்தார்கள். கோஷ்டி கலைந்துபோனதால் தட்டு வெளிவராமல் நின்றுவிட்டது. இருந்தும் டேப்பைத் தூக்கி எறியவில்லை. 1992-ல் எடுத்து வெளியிட்டார்கள். இருபத்தொரு வருஷம்! நம் ஊரில் இருபத்தொரு வருஷம் டேப் எங்கே இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பரணில், கரையானுக்கு விருந்தாக.

அவர்களிடமும் தில்லுமுல்லு உண்டு. 1956-ல் நியூபோர்ட் என்ற ஊரில் டியூக் எல்லிங்டனின் ஜாஸ் கோஷ்டி வாசித்தது. பால் கொன்ஸால்வெஸ் என்பவர் ஸாக்ஸபோனை எடுத்து ஒரே ஆவேசமாக இருபத்தேழு ஆவர்த்தம் வாசித்தாராம். ஜனங்கள் எழுந்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் உற்சாகத்தில் கம்பெனியின் மைக்கை விட்டு வானொலிக்காரர்களின் மைக்கில் ஊதிவிட்டார்! கம்பெனி சில உருப்படிகளை ஸ்டூடியோவில் மறுபடி வாசிக்கச் சொல்லிப் பதிந்து, எங்கேயோ எடுத்த கைதட்டலை அதில் சேர்த்து, கச்சேரி என்று விற்றது. பிறகு வானொலி டேப் அகப்பட, 1999-ல் உண்மையான கச்சேரி வெளிவந்தது. கம்பெனிக்காரர் பணம் செலவழித்துப் போலியாகச் செய்த அந்தக் கைதட்டலும் ஆரவாரமும் நம் தேரோடும் வீதியில் இனாமாகக் கிடைக்கின்றன. நாம் அதை “இரைச்சல்” என்கிறோம்.

சென்ற ஆண்டு தென்காசியில் ஒரு கல்யாணம். குளிர்சாதன மண்டபம், நான்கு பக்கமும் கண்ணாடி. வந்திருந்த நாதஸ்வர வித்வான் நல்ல வித்வான். காலையில் பூபாளத்தை எடுத்து இரண்டு பிடி பிடித்தார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அதற்குள் யாரோ வந்து காதில் ஏதோ சொன்னார்கள். பூபாளம் நின்றது, சினிமாப் பாட்டு வந்தது. அது முடிவதற்குள் “கெட்டி மேளம்” என்று கை காட்டினார்கள். தாலி கட்டியதும் வித்வானை மறந்துவிட்டு, போட்டோக்காரருக்காகக் காத்து நின்றார்கள். மாலை வரவேற்புக்கு நாதஸ்வரம் பென் டிரைவிலிருந்து வந்தது.

பந்தியில் அந்த வித்வான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அண்ணாச்சி, ரெண்டு மணி நேரம் தோடி வாசிச்சு ஆறேழு வருஷம் ஆகுது. யாரு வாசிக்கவிடுதாங்க? மறந்து போயிருமோன்னு வீட்டுல வாசிச்சுக்கிடுதேன். பய பாண்டு செட்டுக்குப் போறேங்கான். அதுல நெதமும் வேலை இருக்காம்.”

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

“என்னத்தச் சொல்ல? போடான்னுட்டேன். வயிறு இருக்குல்லா?”

இதைக் கேட்டபின் எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

“நாதஸ்வரம் காதைத் துளைக்கிறது, உட்கார்ந்து கேட்க முடியவில்லை” என்று பட்டணத்து நாகரிகர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். துளைக்கத்தான் செய்யும். திறந்த வெளியில் நாலு வீதிக்குக் கேட்க வேண்டும் என்று ஆச்சா மரத்தில் கடைந்த வாத்தியத்தை, கண்ணாடி மண்டபத்தில் அடைத்து, அணைசுக்கு நேராக மைக்கை நீட்டி, அதன் பக்கத்திலேயே தவிலுக்கும் ஒரு மைக் வைத்தால், அது மனிதர் காதா, கருங்கல்லா? புலியைக் கொண்டுபோய் நடுக்கூடத்தில் கட்டிவிட்டு, “இது அநியாயமாக உறுமுகிறது” என்று புகார் செய்கிற மாதிரி! குற்றமெல்லாம் மண்டபத்தின் மேல், மைக்கின் மேல். தெருக்கோடியில் நின்று, காற்றில் ஏறியும் இறங்கியும் வருகிற நாதஸ்வரத்தைக் கேட்டவன் அந்தப் புகாரைச் செய்யமாட்டான்.

சபைக்காரர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். ‘மங்கள இசை’ என்று பெயர் சூட்டி, விழாத் தொடக்கத்தில், நாற்காலிகளைத் துடைத்துக் கொண்டிருக்கும் வேளையில், வித்வானை வாசிக்கச் சொல்லிவிடுவார்கள். நாதஸ்வரத்துக்கென்று தனி விழா நடத்தும் சபைகள் சில உண்டு. அவர்களை நான் சொல்லவில்லை. மற்ற இடங்களில் ‘மங்களம்’ என்ற அந்த மரியாதைச் சொல்லைப் போல வித்வானைக் கேவலப்படுத்துகிற சொல் வேறில்லை. ராஜரத்தினம் பிள்ளை குடுமியைக் கத்தரித்துக் கிராப்பு வைத்துக்கொண்டு, கோட்டு மாட்டிக்கொண்டு, மேடை போட்டு உட்கார வைத்தால்தான் வாசிப்பேன் என்று அடம் பிடித்ததைக் கர்வம் என்றார்கள். கர்வம்தான்! அந்தக் கர்வம் இல்லாவிட்டால் இன்றுவரை அந்தக் கலைஞர்கள் நின்றுகொண்டே வாசித்துக் கொண்டிருப்பார்கள்.

சினிமாவாவது ஆதரிக்கிறதே என்பார்கள். 1968-ல் வந்த ‘தில்லானா மோகனாம்பா’ளில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் சிவாஜியின் கன்னம் உப்பின அழகைத்தான் பேசினார்கள். நடிப்பு அபாரம், மறுக்கவில்லை. ஆனால் மூச்சு யாருடையது?

தெய்வ சந்நிதானத்துக் கலையைத் தட்டாகப் போட்டு விற்பதா என்று கேட்கிற பக்தர்களும் உண்டு. அவர்களுடைய டெலிபோன் மணி என்ன ராகத்தில் அடிக்கிறது என்று ஒரு தடவை கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன்.

நான் சொல்வது கஷ்டமான காரியமே அல்ல. குற்றாலத்தில் சித்திர சபை இருக்கிறது. நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் ஒன்று. எதிரே தெப்பக்குளம். மார்கழித் திருவாதிரை சமயத்தில் ஓர் இரவு அங்கே இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஜால்ரா, சுருதிப்பெட்டி வைத்து உட்காரச் செய்யுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து வித்வான் ஒருவர், நம் திருநெல்வேலி வித்வான் ஒருவர். தவிலுக்குக் கைதேர்ந்த இரண்டு பேர். மல்லாரியில் தொடங்கட்டும். அதற்குப் பிறகு யாரும் போய்க் காதில் எதுவும் சொல்லக்கூடாது. மைக்கைப் பத்தடி தள்ளி வையுங்கள். குழந்தை அழுதால் அழட்டும். “பலே” என்று எவராவது கத்தினால் கத்தட்டும். எதையும் வெட்ட வேண்டாம். நாலு மணி நேரம், முழுசாக. பிறகு அதை வித்வான்களின் பெயர் போட்டு, அவர்களுக்குப் பங்கு கொடுத்து, வெளியிடுங்கள். சாரல் விழாவுக்கு மேடை போடுகிற ஊரில் இதற்கு ஒரு மேடை கிடைக்காதா?

தென்காசி வித்வானிடம் இந்த யோசனையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இலையை மடித்துவிட்டுச் சற்று நேரம் யோசித்தார்.

“தெப்பக்குளத்துப் பக்கம்னா நாதம் நல்லாத் திரும்பி வரும், அண்ணாச்சி. பனிக்குச் சீவாளி இறுகும். நாலஞ்சு கூடக் கட்டிக்கிடுதேன். தேதியை மட்டும் ஒரு மாசம் முந்தியே சொல்லிருங்க.”