கட்டிய வரியையே மறுபடி கட்டுவதா? 401(கே) பங்குகளில் ஒளிந்திருக்கும் சிக்கல்

அமெரிக்காவில் சில நிறுவனங்கள், ஊழியர்களின் 401(கே) ஓய்வூதியக் கணக்கில் தங்கள் சொந்தப் பங்கையே போட்டு வைக்கும். வேலையை விட்ட பிறகு அந்தக் கணக்கை ஒரே வரி ஆண்டுக்குள் முழுசா காலி செய்து, பங்குகளை விற்காமல் அப்படியே சாதாரண புரோக்கர் கணக்குக்கு மாற்றினால் ஒரு சலுகை உண்டு. பெயர் 'என்.யூ.ஏ.' பங்கு முதலில் வாங்கிய விலைக்கு மட்டும் அந்த ஆண்டே வருமான வரி. கணக்குக்குள் இருந்தபோது ஏறிய மதிப்புக்கு, விற்கும்போது நீண்டகால மூலதன ஆதாய வரி. முன்னது 37% வரை போகும். பின்னது பலருக்கு 15%தான்.

நல்ல சலுகைதான். ஆனால் விற்ற பிறகு புரோக்கர் அனுப்பும் 1099-பி படிவத்தில்தான் வம்பு.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வாங்கிய விலை 20,000 டாலர். மாற்றிய அன்று மதிப்பு 1,00,000. விற்றது 1,10,000-க்கு. உண்மையான லாபம் 90,000. புரோக்கரிடம் வாங்கிய விலையே இல்லாமல், பூஜ்யம் என்று பதிவானால் முழு 1,10,000-மும் லாபம் ஆகிவிடும். ஏற்கெனவே வருமான வரி கட்டிய 20,000-க்கு இன்னொரு 3,000 டாலர் தண்டம். மாற்றிய அன்றைய மதிப்பையே வாங்கிய விலையாகப் போட்டிருந்தால் லாபம் வெறும் 10,000 என்று காட்டும். சந்தோஷப்பட வேண்டாம், விட்டுப்போன 80,000-க்கு வரித்துறை பிறகு வட்டியோடு வரும்.

சரியான எண் ஓய்வூதியத் திட்ட நிர்வாகியிடம் இருக்கிறது. அவர் தரும் 1099-ஆர் படிவத்தின் 6-ஆம் கட்டத்தில் ஏறிய மதிப்பு இருக்கும்; மாற்றிய அன்றைய பங்கு மதிப்பிலிருந்து அதைக் கழித்தால் வாங்கிய விலை. வரித் தாக்கலில் 8949 படிவத்தில் அதைத்தான் எழுத வேண்டும். புரோக்கர் தப்பான விலையை வரித்துறைக்கே அனுப்பியிருந்தால், அதே படிவத்தில் 'பி' குறியீடு போட்டு வித்தியாசத்தைச் சரிசெய்யலாம்.

திட்ட நிர்வாகியும் புரோக்கரும் சில சமயம் ஒரே குழுமத்தின் இரண்டு பிரிவுகள். அப்படியிருந்தும் பங்கு போகிற இடத்துக்கு அதன் விலை போகாதது அநியாயம். அந்த வேலையை, வரிப் படிவம் புரியாத ஊழியர் தலையில் கட்டுவது அதைவிட அநியாயம். பங்கை மாற்றும் அன்றே விலையை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவதுதான் இப்போதைக்கு வழி. பத்து வருஷம் கழித்து விற்கும்போது நிர்வாகியே மாறியிருக்கலாம்.

ஏற்கெனவே கூடுதலாகக் கட்டியவர்கள் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்தித் திரும்பக் கேட்கலாம். பொதுவாக, தாக்கல் செய்ததிலிருந்து 3 ஆண்டுகள் வரை நேரம் உண்டு.